இன்னொரு சாவி

அவள் கணவனுக்குப் புதுப்பொருள் என்றாலே வேப்பங்காய். கட்டில், மின்விசிறி, அடுத்த வீட்டார் படித்துப்போட்ட செய்தித்தாள் என்று வீட்டில் சகலமும் செகண்ட் ஹேண்ட். கடைசியில் வாசல் கதவுப் பூட்டும் அப்படியே ஆயிற்று. பழைய சாமான் கடைக்காரரே வீடு தேடி வந்து, பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இதைப் பொருத்திக் கொடுத்தார்.

"ஒரு சாவிதாம்மா இருக்கு. இன்னொண்ணை முன்னாடி வச்சிருந்தவங்க தொலைச்சிட்டாங்க" என்றார்.

அன்று இரவே அவள் கணவனிடம் கேட்டாள்.

"அந்தச் சாவி யார் கையில இருக்கோ?"

"எவன் கையில இருந்தா என்ன? பூட்டு நம்ம வீட்டுல இருக்குன்னு அவனுக்கு ஜோசியமா தெரியும்?" என்று கணவன் சிரித்தான்.

நியாயம்தானே? அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்று மத்தியானம், அவள் தனியாக இருந்தபோது எதிர்வீட்டு அக்கா போன் செய்தாள்.

"உங்க பழைய பூட்டு இப்ப எங்க வீட்டுலதாண்டி. கடைக்காரரே வந்து மாட்டிட்டுப் போனார். ஆமா, ஒரு சாவியைத் தொலைச்சிட்டீங்களாமே?"

"தொலைக்கலையே அக்கா! ரெண்டு சாவியையும் நானேதான் அவர் கையில கொடுத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

வாசல் கதவில் 'களுக்' என்று பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

வீட்டின் ஒரே சாவி, அவள் கண்ணெதிரே, சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.