துடைத்துவிடும் துண்டு

குளியலறைக் கண்ணாடிக்குத் துண்டு என்றால் உயிர். வெந்நீர் ஆவியில் முகம் மங்கும்போதெல்லாம் ஓடி வந்து துடைத்துவிடுவது துண்டுதானே?

"நான் இல்லேன்னா உன் கதி என்ன?" என்று துண்டு கேட்கும்.

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று கண்ணாடி உருகும்.

ஒருநாள் பல்லியை விரட்ட மேலே இருந்த சின்ன ஜன்னலைத் திறந்த வீட்டுக்காரி, அதை மூட மறந்துவிட்டாள். அன்று ஆவியெல்லாம் அந்த வழியே வெளியே போய்விட்டது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. துண்டை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள், "ஈரமா இருக்கேன், கொஞ்சம் காத்தாட இருந்துக்கறேன்" என்று சொல்லித் துண்டு அந்த ஜன்னல் முழுக்கப் படர்ந்துகொண்டது. கண்ணாடி மறுபடி மங்கியதும் இறங்கி வந்தது.

கண்ணாடியின் மூலையில் வீட்டுக்காரி ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஜன்னலை அடைச்சதே இந்தத்..." என்று அது ஆரம்பித்தது.

துண்டு வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தது. பொட்டு கீழே விழுந்து, தண்ணீரோடு ஓட்டைக்குள் போனது.

"யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்துதே?" என்றது கண்ணாடி.

"ஒரு கறை. போயிடுச்சு."

"நல்லவேளை, நீ இருக்கே!" என்றது கண்ணாடி.