தட்டைப் பின்

யாமினியோடு சேர்ந்து அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்குவதற்காக வேலையை விட்ட மூன்றாம் நாள், பிரிட்டோ அவளுக்கான கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொண்டிருந்தான். ஷூ பெட்டி அளவு கேபினட். அவள்தான் அடம்பிடித்து வாங்கினாள். கிராபிக்ஸ் கார்டைச் சாய்த்துச் சாய்த்து நுழைத்ததில் அவன் விரல் முட்டி சிராய்த்துவிட்டது. கடைசி ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, புது பவர் கேபிளைப் பிரித்தான். தட்டையான மூன்று பின்கள். சுவர் பிளக் பாயிண்ட்டில் நுழையவே இல்லை.

"லண்டன் பின்னை அனுப்பித் தொலைச்சிருக்கான் பாரு! திருப்பி அனுப்பிடவா?"

"வேணாம்டா. நான்தான் கேட்டு வாங்கினேன்."

பிரிட்டோ நிமிர்ந்தான். யாமினி அவன் முகத்தைப் பார்க்காமல், கேபினட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளைட்ல கையோட ஏழு கிலோதான் விடுவாங்களாம். இது தாண்டாதுல்ல?"