ஓட்டிப் பார்க்கும் வேலை

இணைய நேரலையில் சம்மட்டியால் உடைத்துக் காட்டப்போகும் பொருள் புதிதாக இருக்க வேண்டும், நன்றாக ஓடவும் வேண்டும். இல்லையென்றால் யாரும் பார்ப்பதில்லை. ஓட்டிப் பார்ப்பது தமயந்தியின் வேலை. வாஷிங் மெஷின் வரும் நாட்களில் வீட்டு அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போடுவாள்.

இன்று துணியை எடுப்பதற்குள் நேரலை தொடங்கிவிட்டது. நடுவில் குரல் கொடுக்கக் கூடாது. சம்மட்டி இறங்க, மகளின் பள்ளிச் சீருடை நுரையும் கண்ணாடித் தூளுமாக வந்து விழுந்தது.

வேலை போயிற்று என்றே நினைத்தாள். மேலாளர் கைபேசியிலிருந்து நிமிரவில்லை.

"அந்தக் குட்டி யூனிஃபார்ம்தான்க்கா இன்னைக்கு லைக்ஸை அள்ளிடுச்சு. நாளைக்கு ஃப்ரிட்ஜ். பாப்பாவுக்குப் பிடிச்சதா எதாவது செஞ்சு உள்ள வச்சிருங்க."

"சரி சார்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே மகளிடம் கேட்டாள்: "நாளைக்கு உனக்கு என்னடி செய்யட்டும்?"

மகள் துள்ளினாள். "சேமியா பாயசம்!"