எழுத்தில்லாத கீபோர்டு

"என் லேப்டாப்பை நோண்டுறது நீங்கதான்னு தெரிஞ்சா, அன்னைக்கே வீட்டை விட்டுப் போயிடுவேன்" என்றாள் மனைவி.

"நானா? ஒவ்வொரு எழுத்தாத் தேடினாத்தான் எனக்கு அடிக்கவே வரும்!" அவள் தலையில் கை வைத்தே சத்தியம் செய்தான் கணவன்.

மறுநாள் அவள் குளிக்கப் போனதும் லேப்டாப்பைத் திறந்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. கீபோர்டில் ஓர் எழுத்துகூட இல்லை. அத்தனையையும் துடைத்து மொட்டையடித்திருந்தாள்.

'என்கிட்டயேவா?'

கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று பாஸ்வேர்டை அடித்தான். முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. குளியலறையில் இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று திரும்பினால், அறை வாசலில் மனைவி. தலை நனையவே இல்லை.

"எழுத்தே இல்லாம இவ்வளவு வேகமா? எத்தனை மாசப் பழக்கம்?"