கிருமிக்காக ஒரு ஜெபம்

தேவசகாயத்தின் இதய வால்வில் கிருமி ஒட்டியிருந்தது. "காயம் ஆறட்டும்னு உடம்பே அங்க ஒரு புரதத்தப் பூசும்மா. கிருமி அதத்தான் புடிச்சுத் தொங்குது," என்று அவர் மனைவி எஸ்தரிடம் டாக்டர் சொன்னார். "காலைல ஆபரேஷன்ல எடுத்துருவோம். அதுக்குள்ள பிஞ்சு வந்துட்டா மூளைல போய் அடைச்சுரும்."

மாலையில் சபைப் பெண்கள் முக்காடிட்டுக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "ஆண்டவரே, இந்தக் கிருமியை இப்பவே பிடுங்கி எறியும்," என்று ரோஸ்லின் உரக்கத் தொடங்கினாள்.

எஸ்தர் பதறி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, பிடுங்கச் சொல்லாதீங்க. காலைல வரைக்கும் அது கெட்டியாப் புடிச்சிட்டு இருக்கட்டும்னு கேளுங்க."

"கிருமிக்கா ஜெபிக்கச் சொல்ற?"

தேவசகாயம் கண்மூடியபடியே சிரித்தார். "அதுவும் நம்ம வீட்டுச் சோறு தின்னதுதான். ஜெபிங்கக்கா."

எஸ்தர் அவர் நெஞ்சில் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். ஆண்டவரை அழைக்காமல் நேரே அதனிடமே சொன்னாள்: "விடியுற வரைக்கும் விட்டுராத."