திரையில் ஒற்றைக் கோடு

மூன்றாவது ஆட்டத்திலும் சதீஸ்குமார்தான் வென்றான்.

நிஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தியொரு வயது அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெந்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பழைய டிவி கேமின் பொத்தான்களைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தட்டிக்கொண்டிருந்தான்.

குண்டசாலையிலிருந்து ஒரு வேலையாக டவுனுக்கு வந்தவள், வேலை சீக்கிரம் முடிந்ததால் மஹய்யாவையில் இருக்கும் அண்ணன் வீட்டை எட்டிப் பார்த்தாள். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். போன வாரம் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது மேல்தட்டில் இருந்து கிடைத்ததாம் அந்த கேம் பெட்டி. குவைத்தில் வேலை செய்த சித்தி தொண்ணூற்றாறில் கொண்டுவந்தது. வெள்ளை நிறம் பல்லைப் போல மஞ்சளித்திருந்தது. கசெட்டுகளில் மிஞ்சியது சண்டை கேம் ஒன்றுதான்.

புது டிவியில் அந்த வயரைக் கொழுவ இடமில்லை. அம்மாவின் பழைய பெட்டி டிவியைத் தூக்கிவந்து கதிரையில் வைத்தான். கசெட்டை இரண்டு தரம் ஊதிச் செருகினான். அதே பாட்டு வந்தது.

அவனுக்கு மொட்டைத்தலை மல்லன். அவளுக்குக் கம்பு சுற்றும் குடுமிக்காரன். யாருக்கு யார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள் பகலிலேயே இருட்டிக் கிடந்தது.

இந்த வருடம் அண்ணன் ஆளே மாறிப்போயிருந்தான். பேசினால் முகத்தைப் பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொல்வான். கெலிஓயா கல்யாண வீட்டில் அவள் புருஷன் கையை நீட்டியபடி நிற்க, கண்டுகொள்ளாமல் கடந்து போனான். அன்றிலிருந்து புருஷன் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. அண்ணனுக்கு என்ன கோபம் என்று யோசித்து யோசித்து அவளுக்கே அலுத்துவிட்டது.

இன்றைக்கு அவன் சிரித்ததும் எல்லாம் தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

நான்காவது ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிவி படக்கென்று ஒரு சத்தம் போட்டது. படம் மேலும் கீழுமாகச் சுருங்கி, திரையின் நடுவே வெள்ளையாக ஒரே ஒரு கோடாகிவிட்டது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. குத்து விழும் சத்தம், உதை விழும் சத்தம், குடுமிக்காரனின் முனகல்.

நிஷாந்தினி கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டு, டிவி போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணன் விளையாடிக்கொண்டிருந்தான்.

முகம் நேராகத் திரையைப் பார்த்திருந்தது. கட்டைவிரல்கள் ஓடின. ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்த அடி சரியாக விழுந்தது.

"மூலையில மாட்டிக்கிட்ட பாத்தியா," என்றான் சந்தோஷமாக. "இனி எந்திரிக்க மாட்ட."

அவள் வெற்றிப் பாட்டு வரும்வரை காத்திருந்தாள். அவன் பெருமூச்சு விட்டுக் கைகளை உதறிக்கொண்டான்.

"அண்ணே, டிவியில என்ன தெரியுது?"

அவன் கைகள் அப்படியே நின்றன. பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் திரையைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். இத்தனை மாதமாக அவள் கோபம் என்று நினைத்திருந்த பார்வை.

"கோடு," என்றான்.

"நடுவுல ஒண்ணும் தெரியல நிஷா. ஓரத்துல மட்டுந்தான் தெரியுது," என்றான்.

சீனி வியாதி கண்ணுக்கு ஏறிவிட்டதாக கிளினிக்கில் சொன்னார்களாம். ஊசி போட்டும் நிற்கவில்லையாம். தைப்பொங்கலுக்கு முன்னாலேயே இப்படித்தானாம். இப்போது ஆவணி. அண்ணிக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டான். கெலிஓயாவில் அவள் புருஷன் நின்றதே தனக்குத் தெரியாது என்றான்.

அவள் அழவில்லை. அவன் தோளில் கையை வைத்தாள். அவன் அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கதவுப் பக்கம் ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கப் போனான்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒன்றரைக்கு ஸ்கூல் விடும். பதினாறு வருடமாக அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான்.

நிஷாந்தினி அவனுக்கு முந்திப் போய்ச் சாவியை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அவன் பறிக்க வரவில்லை. வெறும் ஆணியை ஒருமுறை தடவிப் பார்த்தான். "பிள்ளைங்க மழையில நனைஞ்சிரும்," என்று மட்டும் சொன்னான்.

பக்கத்துத் தெருவில் வேன் ஓட்டும் நிஸாமுக்கு அவள் போன் எடுத்தாள். அண்ணனுக்குச் சுகமில்லை, இன்றைக்கு ஒருநாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்றான் நிஸாம். பதினாலு என்று சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

அந்தப் பதினாலில் ஒன்று அவள் மகள். மூன்றாம் வகுப்பு. முன்சீட்டில் தன் பக்கத்திலேயே அவள் உட்காரட்டும் என்று ஜனவரியில் அண்ணன்தான் கேட்டு வாங்கினான்.

வேனில் மாமாவும் அவளும் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். சிக்னல் என்ன நிறம், மஞ்சள் கடவையில் ரோட்டைக் கடக்க ஆள் நிற்கிறதா, முன்னால் போகும் பஸ் பிரேக் பிடிக்கிறதா என்று மாமா கேட்பாராம். கேட்ட உடனே சொல்ல வேண்டுமாம்.

இன்றைக்கும் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை என்று தினமும் வந்து சொல்வாள். வெங்காயம் நறுக்கியபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கெட்டிக்காரி என்று நிஷாந்தினியும் தினமும் சொல்லியிருக்கிறாள்.