கொக்கின் ஆய்வு முடிவு

ஏரிக்கரையில் வாழ்ந்த கொக்கு ஓர் ஆய்வாளர். அயல்மொழியைக் கணினி வழியாகக் கற்பிக்க முடியுமா என்பதே அதன் ஆய்வு. அதற்காக, ஆண்டுதோறும் மலை கடந்து வரும் வாத்துகளின் மொழியை ஒரு மைனாவுக்குக் கணினி கற்பித்தது. மைனா ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிச் சொன்னால், கணினி ‘டிங்’ என்று ஒலிக்கும். அதன் பிறகே மைனா அடுத்த வாக்கியத்தைச் சொல்லும். மூன்றே மாதங்களில் அது நூற்றுக்கு நூறு பெற்றது.

வாத்துகள் வந்திறங்கிய காலையில், வடகரையில் வேடர்கள் வலை விரித்திருப்பதை அணில் கண்டது.

“மைனா அக்கா, வாத்துகளின் மொழி உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்? உடனே போய்ச் சொல்லுங்கள்!” என்று பதறியது.

மைனா பறந்து சென்று, வாத்துத் தலைவியின் முன் அமர்ந்தது. “வணக்கம், அம்மா” என்று அழகாகச் சொன்னது. பிறகு தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

“வணக்கம், மகளே. என்ன செய்தி?” என்றது வாத்து.

மைனா பேசவில்லை, காத்துக்கொண்டே இருந்தது. வாத்துகள் வடகரையை நோக்கி நீந்தத் தொடங்கின.

“ஐயோ, அக்கா ஏன் வாயை மூடிக்கொண்டார்?” என்று அணில் அலறியது.

கொக்குக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்றபடியே, “டிங்!” என்று கத்தியது.

“வடகரையில் வலை விரித்திருக்கிறார்கள்!” என்றது மைனா, உடனே.

வாத்துகள் சடசடவென மேலெழுந்து தென்கரையில் இறங்கின.

கொக்கு தன் குறிப்பேட்டைத் திறந்து, ‘கணினிவழிக் கற்பித்தல் முழு வெற்றி’ என்று எழுதியது.

“ஐயா, ‘டிங்’ என்று கத்தியது யார் என்பதையும் எழுதுங்கள்” என்றது அணில்.

கொக்கு குறிப்பேட்டை மூடியது.

“அடிக்குறிப்பில் இடம் இருந்தால் பார்க்கலாம், தம்பி” என்றது.